கடைசி ஒரு கிலோமீட்டர்

கடலில் எண்ணெய் கிடைத்துவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம் நாட்டில் ஒரு சின்னத் திருவிழா நடக்கும். அமைச்சர் பேட்டி கொடுப்பார். பங்குச் சந்தை துள்ளும். கடலுக்கு அடியில் எத்தனை கோடி பீப்பாய் இருக்கிறது, அதன் விலை என்ன என்று பத்திரிகைகள் கணக்குப் போடும். அந்தச் சந்தடியில் அநேகமாக யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அதை எப்படி மேலே கொண்டுவருவது?

பூமிக்குள் அழுத்தத்தில் கிடக்கும் எண்ணெய், துளை போட்டதும் தானாகவே பீறிட்டு வந்துவிடும் என்பது பொதுவான நினைப்பு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் கிணற்றின் வாய் வயல்வெளியில் இல்லாமல், ஆயிரம் மீட்டர் கடல் தண்ணீருக்கு அடியில் இருந்தால் விஷயமே வேறு. கடலின் தரையிலிருந்து மேலே மிதக்கும் கப்பல் வரையிலான அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் எண்ணெய் உறையும், குழாய் அடைக்கும், இரும்பு களைக்கும். திருவிழா முடிந்த பிறகு வருடக்கணக்கில் நடக்கும் வேலை அது.

ஆந்திரத்தின் காக்கிநாடா கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, கிருஷ்ணா-கோதாவரி படுகையில் ஓ.என்.ஜி.சி.யின் 98/2 வட்டாரம் இருக்கிறது. அங்கே பல ஆயிரம் கோடி ரூபாய் முதலீடு செய்ய அந்த நிறுவனம் 2016-ல் முடிவெடுத்தது. 2020-ல் எண்ணெய் வந்துவிடும் என்பது அப்போதைய எதிர்பார்ப்பு. வந்தது 2024 ஜனவரி 7-ம் தேதி. நடுவே கொரோனா வந்துபோனது ஒரு காரணம். ஆனால் எண்ணெயின் குணமும் ஒரு காரணம் என்பதை ஓ.என்.ஜி.சி.யே மறைக்கவில்லை. அங்கே கிடைப்பது மெழுகு அதிகமுள்ள எண்ணெய்.

மெழுகு எண்ணெய் என்றால் என்ன என்று தில்லியில் குடியிருக்கும் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் பிறந்தால் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அவர்கள். கச்சா எண்ணெயின் கதையும் அதுதான். பூமிக்குள் இருக்கும்வரை அது சூடாகவும் இளகியும் இருக்கிறது. கிணற்று வாயைத் தாண்டியதும் அதைச் சுற்றி இருப்பது ஆழ்கடல் தண்ணீர். மேலே வங்கக் கடல் வெதுவெதுப்பாக இருந்தாலும், ஆயிரம் மீட்டருக்குக் கீழே வெப்பம் 10 டிகிரியைக்கூட எட்டாது. வெயிலே படாத இருட்டு அது. சூடான எண்ணெய் அந்தக் குளிர்ந்த குழாயில் ஓடும்போது, அதிலுள்ள மெழுகு பிரிந்து குழாயின் உள்சுவரில் படிகிறது. நாளடைவில் குழாய் குறுகுகிறது. விட்டால் அடைத்தே போகும்.

இதற்கு ஓ.என்.ஜி.சி. கையாண்ட வழி, குழாய்க்குள் குழாய். இந்தியாவில் இதுதான் முதல் தடவை. உள்குழாயில் எண்ணெய் போகும். அதைச் சுற்றி வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் பொருள். அதற்கும் வெளியே, கடலின் அழுத்தத்தைத் தாங்கும் இன்னொரு இரும்புக் குழாய். சுருக்கமாகச் சொன்னால், கடலடியில் படுக்க வைத்த நீளமான காபி பிளாஸ்க். இந்தத் திட்டத்துக்கான இரும்பு வேலைகளில் பெரும்பகுதி நடந்தது சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளியில். காக்கிநாடாவில் எண்ணெய் வந்த செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மெழுகைவிடப் பொல்லாத எதிரி ஒன்று உண்டு. கிணற்றிலிருந்து எண்ணெய் தனியாக வருவதில்லை. எரிவாயுவும் தண்ணீரும் சேர்ந்தே வருகின்றன. அதிக அழுத்தமும் குளிரும் ஒன்றுசேர்ந்தால், வாயுவும் தண்ணீரும் கலந்து பனிக்கட்டி போல் இறுகிவிடும். தண்ணீர் உறைய பூஜ்யம் டிகிரி வேண்டும். இதற்கு அது தேவையில்லை. அதற்கு மேலேயே உறையும். எரிவாயுக் குழாய்களை அடைப்பது வெறும் பனி அல்ல, இந்த ஹைட்ரேட்தான் என்று அமெரிக்க விஞ்ஞானி ஹாமர்ஷ்மிட் 1934-லேயே எழுதிவிட்டார். அது என்ன செய்யும் என்பதை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது 2010-ல்தான்.

அந்த ஆண்டு ஏப்ரல் 20-ம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் மேடை மூழ்கியது. அதையும் கிணற்றையும் இணைத்திருந்த குழாய் மடங்கிக் கடல் தரையில் விழுந்தது. சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் பீறிட்டது. மே மாதம், சுமார் 100 டன் எடையுள்ள இரும்புப் பெட்டி ஒன்றை இறக்கிக் கசிவின் மேல் கவிழ்த்தார்கள். பெட்டியின் உச்சியிலிருந்து எண்ணெயைக் குழாய் வழியாகக் கப்பலுக்கு எடுப்பது திட்டம். பெட்டிக்குள் ஹைட்ரேட் கட்டிக்கொண்டு வாயை அடைத்துவிட்டது. பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. உலகின் பெரிய எண்ணெய் நிறுவனங்களில் ஒன்றை அன்று தோற்கடித்தது குளிர்ச்சிதான்.

அதனால் ஆழ்கடலில் ஒவ்வொரு கிணற்றுக்கும் மேலிருந்து ஒரு கேபிள் இறங்குகிறது. தொப்புள்கொடி என்றே அதற்கு ஆங்கிலத்திலும் பெயர். எண்ணெய் மேலே வர, இதன் வழியாக மின்சாரமும் கட்டளைகளும் ரசாயனங்களும் கீழே போகின்றன. மெத்தனாலும் கிளைகாலும் ஹைட்ரேட் கட்டாமல் பார்த்துக்கொள்ளும். மெழுகைச் சுரண்ட, குழாய்க்குள் ஓடவிடும் கருவி ஒன்று உண்டு. தொழிலில் அதைப் பன்றி என்கிறார்கள். மேலே ஏதோ கோளாறு என்று உற்பத்தியை நிறுத்தினால் அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். குழாயில் தேங்கிய எண்ணெய் குளிர்வதற்குள் சில மணி நேர அவகாசம்தான். அதற்குள் கோளாறைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் ரசாயனத்தைச் செலுத்தியோ, டீசலை விட்டு எண்ணெயை வெளியே தள்ளியோ குழாயைக் காப்பாற்ற வேண்டும்.

இவ்வளவும் கடல் தரையில் படுத்திருக்கும் குழாயின் பாடு. அங்கிருந்து மேலே எழும் குழாயின் கதை தனி. ஆங்கிலத்தில் ரைசர் என்கிறார்கள். தமிழில் எழுகுழாய் என்று எழுதிவிடலாம். அகராதிக்கு அது பொருந்தும். ஆனால் ஆழ்கடலில் அந்தக் குழாய் தரையில் ஊன்றி எழுந்து நிற்பதில்லை. மேலே மிதக்கும் கப்பலிலிருந்து தொங்குகிறது. அவ்வளவு நீளத்துக்கு நட்டுக்குத்தலாக நிறுத்தினால் தன் கனத்திலேயே மடங்கிவிடும். எனவே எண்ணெய் ஏறுகிறது, குழாய் தொங்குகிறது. பொருளுக்கு நேர்மையாக இருக்க நினைக்கும் மொழிபெயர்ப்பாளர் தொங்குகுழாய் என்றுதான் எழுத வேண்டும்.

பம்பாய் ஹையில் இந்தப் பிரச்சினை இல்லை. 1974-ல் சாகர் சாம்ராட் எண்ணெய் கண்டுபிடித்த அந்த இடத்தில் கடலின் ஆழம் சுமார் 75 மீட்டர். இரும்புக் கால்களை ஊன்றி மேடை கட்டி, குழாயை அந்தக் கால்களோடு சேர்த்துக் கட்டிவிடலாம். 1976 மே மாதமே எண்ணெய் வரத் தொடங்கியது. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கால் ஊன்ற முடியாது. மேடை மிதந்தாக வேண்டும். மிதப்பது ஆடும். அலையில் ஏறி இறங்கும், காற்றில் நகரும். கீழ்முனை அசையாத தரையில், மேல்முனை ஓயாமல் ஆடும் கப்பலில். இரண்டுக்கும் நடுவே குழாய் அறுந்துவிடக் கூடாது.

தொழில் இதற்கு இரண்டு விடைகளைக் கண்டது. ஒன்று வளையும் குழாய். குளியலறையில் கையில் பிடிக்கும் ஷவர் குழாயைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் அமைப்பு ஓரளவு புரியும். உள்ளே நசுங்காத எஃகுச் சுருள், அதன்மேல் பிளாஸ்டிக், அதன்மேல் அழுத்தத்தைத் தாங்கும் எஃகு, இழுவையைத் தாங்கும் கம்பிச் சுற்றுகள், கடைசியாக மீண்டும் பிளாஸ்டிக் உறை. வெளியுறை கிழிந்து உப்புத் தண்ணீர் உள்ளே போனால் கம்பிகள் அரிக்கும். கரியமிலவாயு அதிகமுள்ள பிரேசில் வயல்களில், எதிர்பார்த்த ஆயுளுக்கு முன்பே இத்தகைய குழாய்களின் கம்பிகளில் விரிசல் கண்டது.

இன்னொரு விடை, சாதாரண எஃகுக் குழாயையே தொங்கவிடுவது. எஃகு வளையுமா என்று கேட்கலாம். ஆயிரம் மீட்டர் நீளம் என்றால் வளையும். துணி காயப்போடும் கயிறு இரண்டு முளைகளுக்கு நடுவே தொய்யுமே, அந்த வளைவுதான். அதன் கணக்கு என்ன என்று 1690-ல் ஜேக்கப் பெர்னூலி சவால் விட்டார். அடுத்த ஆண்டே லைப்னிட்ஸும் ஹைகன்ஸும் ஜேக்கப்பின் தம்பி யோஹானும் விடை சொன்னார்கள். முந்நூறு ஆண்டு கழித்து, 1994-ல் மெக்சிகோ வளைகுடாவில் ஷெல் நிறுவனத்தின் ஆகர் மேடையில், 872 மீட்டர் ஆழத்தில், முதன்முதலாக எஃகுக் குழாய் அந்த வளைவில் தொங்கியது.

தொங்கவிட்டதோடு வேலை முடியவில்லை. கப்பல் ஒவ்வொரு முறை ஆடும்போதும், குழாய் தரையைத் தொடும் இடத்தில் சற்றே மடங்கி நிமிர்கிறது. கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் என்ன ஆகும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த அசைவு கீழே போய்ச் சேராமலிருக்க, குழாயின் நடுப்பகுதியில் மிதவைகளைக் கட்டி ஒட்டகத்தின் திமில் போல் தூக்கிவிடுகிறார்கள். ஆட்டத்தை அந்தத் திமில் வாங்கிக்கொள்ளும். 2016-ல் உற்பத்தி தொடங்கிய ஷெல்லின் ஸ்டோன்ஸ் வயலில், சுமார் 2,900 மீட்டர் ஆழத்தில் இப்படித்தான் செய்தார்கள். நீரோட்டமும் சும்மா விடாது. காற்றில் தந்திக் கம்பி ரீங்காரமிடுவது போல், ஓடும் தண்ணீரில் குழாய் அதிரும். அதிர்வை உடைக்கக் குழாயைச் சுற்றித் திருகு போல் துடுப்புகளைப் பொருத்துகிறார்கள்.

மேலே மிதக்கும் கப்பலும் சாதாரணக் கப்பல் அல்ல. எண்ணெயை வாங்கி, வாயுவையும் தண்ணீரையும் பிரித்து, தொட்டிகளில் சேர்த்துவைத்து, வேறு கப்பல் வந்ததும் ஏற்றிவிடும் ஆலை அது. எஃப்.பி.எஸ்.ஓ. என்பார்கள். 1977-ல் ஸ்பெயின் கரையில், பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்றை மாற்றியமைத்து ஷெல் நிறுவனம் இதைத் தொடங்கிவைத்தது. காற்று மாறினால் கப்பல் திரும்பும். திரும்பினால் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். எனவே கப்பலின் வயிற்றில் ஓர் உருளைக் கோபுரத்தை வைத்து, அதைச் சங்கிலிகளால் கடல் தரையோடு பிணைத்தார்கள். குழாய்கள் அந்தக் கோபுரத்தில் வந்து சேரும். கப்பல் அதைச் சுற்றும். உரல் அசையாமல் நிற்க மாடு சுற்றும் நம் செக்கின் ஏற்பாடுதான். செக்கும் எண்ணெய்க்காகத்தான் சுற்றியது. புயல் வரும் கடல்களில் அந்தக் கோபுரத்தையே கழற்றிக் கடலுக்குள் இறக்கிவிட்டுக் கப்பல் தப்பித்துப் போகும்படியும் செய்திருக்கிறார்கள். ஸ்டோன்ஸ் கப்பல் அந்த வகை.

இவ்வளவு கணக்கும் ஜாக்கிரதையும் இருந்தும் குழாய் ஏமாற்றும். அதற்கு ஆழ்கடல்கூடத் தேவையில்லை. 2005 ஜூலை 27-ம் தேதி. முந்தைய நாள் பெய்த மழையில் மும்பை நகரமே மூழ்கியிருந்தது. பம்பாய் ஹையில் சமுத்ர சுரக்ஷா என்ற உதவிக் கப்பலில் சமையல்காரர் ஒருவருக்குக் கைவிரல்களில் வெட்டுக் காயம். மழைக்கால வானிலையில் ஹெலிகாப்டர் வர வழியில்லை. மருத்துவ உதவிக்காக அவரை வடக்கு மேடைக்கு மாற்றக் கப்பல் மேடையை நெருங்கியது. கடல் கொந்தளிப்பில் கப்பல் மேடையை முட்டியது. முட்டிய இடத்தில் இருந்தது எழுகுழாய். வாயு கசிந்தது, தீப்பிடித்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் மேடையே இல்லை. 362 பேர் காப்பாற்றப்பட்டார்கள். 22 பேர் திரும்பவில்லை.

அங்கே கிணறு வெடிக்கவில்லை. இயந்திரம் பழுதாகவில்லை. காயம்பட்ட மனிதரைக் காப்பாற்றப் போனார்கள். குழாய் வெளிப்பக்கம், முட்டக்கூடிய இடத்தில் இருந்தது. எண்ணெய்த் தொழிலில் எந்த இடம் பலவீனமானது என்பதற்கு இதைவிட நேரடியான பாடம் இந்தியாவில் கிடையாது. தன்னுள் எப்போதும் வாயுவையும் எண்ணெயையும் அழுத்தத்தில் சுமந்துகொண்டிருக்கும் குழாயை, கண்ணெதிரே இருப்பதாலேயே வெறும் இரும்பு என்று நினைத்துவிடுகிறோம். ஆழ்கடலில் அந்தக் குழாய் பல மடங்கு நீளம். பெரும்பகுதி மனிதக் கண்ணுக்கே படாது. ரோபாட்டின் காமிரா காட்டினால்தான் உண்டு.

மேடைகளையும் இத்தகைய கப்பல்களையும் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் போட சர்வதேசக் கடல் சட்டம் இடம் தருகிறது. சட்டம் கரையில் எழுதப்பட்டது. கடலில் எந்தக் கட்டுமானம் நின்றாலும் அதன் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும். தலைமுறையாக அந்தக் கடலில் வலைபோட்டவருக்கு அங்கே புதிதாக ஒரு வட்டம் போடுவது எளிதாகப் புரியாது. வளையம் எதற்கு என்பதை அவர் மொழியில், அவர் கரையில் போய்ச் சொல்வது குழாய்க்குத் திமில் கட்டுவதைப் போலவே பாதுகாப்பு வேலை. ஆனால் திட்டச் செலவுக் கணக்கில் பெரிதாகத் தெரியாத வேலை.

இவ்வளவு சிரமத்துக்கும் கிடைப்பது என்ன? 98/2 வட்டாரத்திலிருந்து உச்ச உற்பத்தியாக நாளொன்றுக்கு 45,000 பீப்பாய் எண்ணெய் எதிர்பார்க்கப்படுவதாக 2024-ல் அரசு சொன்னது. நாட்டின் சொந்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் நல்ல எண்ணிக்கை. ஆனால் இந்தியா நாளொன்றுக்குச் செலவழிப்பது 50 லட்சம் பீப்பாய்க்கும் மேல். அதாவது நூறில் ஒரு பங்குகூட இல்லை. தேவையில் 85 சதவீதத்துக்கும் அதிகமான கச்சா எண்ணெய் இன்னமும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது.

கிடைப்பதும் நிரந்தரமல்ல. அதே படுகையில், சுமார் 1,200 மீட்டர் ஆழத்தில் உள்ள ரிலையன்ஸின் எம்.ஏ. வயலில் 2008 செப்டம்பரில் எண்ணெய் வந்தபோது நாடே கொண்டாடியது. இந்தியாவின் முதல் ஆழ்கடல் எண்ணெய் அது. திருபாய்-1 என்ற கப்பல் அதற்காகவே வந்து நின்றது. சரியாகப் பத்தே ஆண்டு. 2018 செப்டம்பரில் உற்பத்தி நின்றது, கப்பலும் போய்விட்டது. தமிழ்நாட்டுப் பக்கமும் ஒரு கதை உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே, காவிரிப் படுகையின் பி.ஒய்.-3 வயலில் கடல் தரையிலேயே கிணற்று வாய்களை அமைத்து, மிதக்கும் கலத்துக்கு எண்ணெய் எடுத்தார்கள். இந்தியக் கடலில் அந்த முறைக்கு அதுதான் முன்னோடி. 1997-ல் தொடங்கியது 2011 ஜூலையில் நின்றுபோனது.

இதனால் ஆழ்கடல் எண்ணெய் வேண்டாம் என்று முடிவுகட்ட முடியாது. இறக்குமதிக்குக் கொட்டும் டாலரில் ஒரு பங்கு மிச்சமானாலும் நல்லதுதான். காட்டுப்பள்ளி வெல்டரும், கப்பலில் இரவு வேலை பார்க்கும் ஆபரேட்டரும் கற்றுக்கொள்ளும் வித்தையும் நாட்டின் சொத்துதான். பிரேசில் அப்படித்தான் வளர்ந்தது. 1973-ன் எண்ணெய் விலை உயர்வில் தவித்த அந்த நாடு, காம்போஸ் படுகையில் மிதக்கும் மேடைகளை வைத்துப் படிப்படியாக ஆழத்துக்குப் போயிற்று. அதன் விலையையும் கொடுத்தது. 2001 மார்ச்சில் பி-36 மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து மேடை 1,300 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் மூழ்கியது. பிரேசில் தொழிலை விட்டுவிடவில்லை.

அடுத்த முறை கடலில் எண்ணெய் கிடைத்த செய்தி வரும், நிச்சயம் வரும். எத்தனை பீப்பாய் என்று அமைச்சர் சொல்வார். குழாய் எத்தனை வருஷம் தாங்கும், அதை யார் எப்போது பார்வையிட்டார்கள், அந்த அறிக்கை எங்கே என்று நிருபர்கள் கேட்க வேண்டும். பார்வையிட்ட அறிக்கையை வெளியிடுவதால் எண்ணெய் குறைந்துவிடாது. கப்பலில் வேலை பார்க்கிறவரின் வீட்டாருக்கும், பக்கத்தில் வலைபோடுகிறவருக்கும் பீப்பாய்க் கணக்கைவிட அதுதான் முக்கியமான செய்தி.